உறையில் 471, அலமாரியில் ஜிஎம்எஸ்

கேள்வி:

"நாங்கள் சுத்த சைவம். என் மகனுக்கு நாலு வயது. பிரெட், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்றால் அவனுக்கு உயிர். எந்த உறையைத் திருப்பினாலும் 'எமல்சிஃபையர் 471' என்று போட்டிருக்கிறது. அது பன்றிக் கொழுப்பு என்று மாமியார் எங்கோ கேட்டுவிட்டு வந்து, இனி வாங்கவே கூடாது என்கிறார். புற்றுநோய் வரும் என்று கணவர் ஒரு வீடியோவைக் காட்டுகிறார். வம்பே வேண்டாம் என்று நானே வீட்டில் ஐஸ்கிரீம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். குறிப்பில் சொன்னபடி அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிஎம்எஸ் பவுடரும் கால் தேக்கரண்டி சிஎம்சி பவுடரும் போடுகிறேன். என் தம்பிக்கு க்ரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி) உண்டு, இப்போது கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அவனும் இதைத்தான் சாப்பிடுகிறான். 471 உண்மையிலேயே ஆபத்தானதா? தம்பிக்கு இந்த ஐஸ்கிரீமைக் கொடுக்கலாமா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். கடை உறையில் 471 என்று பார்த்து நீங்கள் ஒதுக்கினீர்களே, அதேதான் உங்கள் அலமாரியில் ஜிஎம்எஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. கிளிசரால் மோனோஸ்டியரேட் என்பதன் சுருக்கம் ஜிஎம்எஸ். 471 என்ற எண்ணின் கீழ் வரும் மோனோ, டைகிளிசரைடு குடும்பத்தில் அதிகம் புழங்கும் உறுப்பினர் அது. இன்னொரு பொட்டலமான சிஎம்சிக்கு, அதாவது கார்பாக்சிமெதில் செல்லுலோஸுக்கு, எண் 466. உங்கள் தம்பியைப் பொறுத்தவரை நாம் அதிகம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஆனால் கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், மருத்துவன் அல்ல. பேக்கரி, ஐஸ்கிரீம் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஆகவே தம்பி விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடைய மருத்துவருடையது. மற்றதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அந்த ஜிஎம்எஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை கையில் எடுத்துப் பாருங்கள். தந்த நிறத்தில் தூளாகவோ சின்னச் சின்ன மணிகளாகவோ இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்தால் மெழுகுவர்த்தியைச் சுரண்டிய தூள் மாதிரி வழுக்கும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதக்கும். அதே தண்ணீரை அடுப்பில் ஏற்றி, கை வைக்க முடியாத அளவு சூடானதும், சுமார் 65, 70 டிகிரி செல்சியஸில், கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் போல வெளுத்துவிடும். மெழுகு உருகித் தண்ணீரோடு கை கோர்த்துக்கொண்டது என்று அர்த்தம். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று சின்ன வயதிலிருந்து படிக்கிறோம். சேர வைக்கும் தரகர் வேலை பார்ப்பதுதான் எமல்சிஃபையர். பாடப்புத்தகத்தில் 'பால்மமாக்கி' என்று அழகான பெயர் இருக்கிறது, ஆனால் உறையைப் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலப் பெயர்தான் பழகிவிட்டது.

இது எப்படிச் சேர்த்து வைக்கிறது? கிளிசராலை மூன்று கொக்கி உள்ள ஒரு மாட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கொக்கியிலும் ஒவ்வொரு கொழுப்பு அமில வால் தொங்கினால் அது டிரைகிளிசரைடு, அதாவது நாம் சமைக்கும் சாதாரண எண்ணெய் அல்லது கொழுப்பு. இரண்டு வால் மட்டும் தொங்கினால் டைகிளிசரைடு. ஒன்றே ஒன்று தொங்கினால் மோனோகிளிசரைடு. வால் எண்ணெயை விரும்பும், காலியாக இருக்கும் கொக்கிகள் தண்ணீரை விரும்பும். ஆக, ஒரே மூலக்கூறு எண்ணெயில் ஒரு காலும் தண்ணீரில் ஒரு காலுமாக நிற்கிறது. ஆலையில் இதைத் தயாரிக்கும் முறையும் பெரிய மாயமந்திரம் கிடையாது. ஏதாவது ஒரு கொழுப்பையும் கிளிசரினையும் கொஞ்சம் காரப்பொருளோடு (அல்கலி) சேர்த்து 200 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். வால்கள் கொக்கி மாறி உட்காரும். பிறகு வெற்றிடத்தில் வடித்துப் பிரித்தால் 90 சதவீதத்துக்கு மேல் மோனோகிளிசரைடு உள்ள தரமான சரக்கு கிடைக்கும்.

ஐஸ்கிரீமில் இது செய்கிற வேலை எனக்கு எப்போதுமே பிடித்த வேடிக்கை. சேர்த்து வைப்பதற்காக வந்த ஆள், அங்கே பிரித்துவைக்கிற வேலையைப் பார்க்கிறான். பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் புரதம் ஒரு சட்டை போல மூடியிருக்கும். அந்தச் சட்டை இருக்கும்வரை துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கலவையைக் காய்ச்சி இறக்கி, குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைக்கும்போது, மோனோகிளிசரைடு போய் அந்தப் புரதச் சட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுகிறது. அப்புறம் அடித்துக் கடைந்து உறைய வைக்கும்போது, அரைச் சட்டையோடு நிற்கும் துளிகள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகிக் காற்றுக் குமிழிகளைச் சுற்றி வேலி கட்டுகின்றன. ஐஸ்கிரீம் கிண்ணத்தில் நிமிர்ந்து நிற்பதும், உடனே தண்ணீராக ஓடாமல் இருப்பதும் இந்த வேலியால்தான். உங்கள் குறிப்பில் "இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் அடிக்கவும்" என்று இருந்தால் அதை அவசரத்தில் தவிர்க்காதீர்கள். அந்த இரவில்தான் சட்டை கழல்கிறது.

பிரெட்டில் கதை வேறு. பிரெட் காய்ந்துபோவதால் கெட்டியாகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். 1852இலேயே பூஸாங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் கொஞ்சமும் வெளியே போகாமல் மூடி வைத்தாலும் ரொட்டி கெட்டிப்படும் என்று காட்டிவிட்டார். வெந்தபோது இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகி அடுக்காவதுதான் காரணம். மாவுச்சத்தின் ஒரு பகுதி சுருள்சுருளான நீண்ட சங்கிலி. மோனோகிளிசரைடின் கொழுப்பு வால் அந்தச் சுருளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே ஆள் இருப்பதால் சங்கிலிகள் அடுக்காகச் சேர முடிவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், எடை போடுகிறவர் ஒரு பிசைவுக்கு மட்டும் இதைப் போட மறந்துவிட்டார். முதல் நாள் இரண்டு ரொட்டிக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாம் நாள் துண்டை விரலால் அழுத்தினேன். போட்டது பஞ்சு மாதிரி அமுங்கி மேலே வந்தது. மறந்துபோனது அழுத்திய பள்ளத்தோடு அப்படியே நின்றது, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரவும் செய்தது. இரண்டும் சாப்பிடக்கூடிய நல்ல ரொட்டிதான். ஒன்று விற்கும், ஒன்று திரும்பி வரும், அவ்வளவுதான். (இதைச் சொல்லும்போதே இன்னொன்றும்: பிரெட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அறையில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும். வெளியே வையுங்கள், அல்லது ஒரேயடியாக உறைபெட்டியில் போடுங்கள்.)

கேக்கில் காற்றைப் பிடித்து வைக்கவும், மார்ஜரினில் தண்ணீர்த் துளிகள் பிரியாமல் இருக்கவும், நிலக்கடலை வெண்ணெயில் எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்கவும் இதையே போடுகிறார்கள். அதை விட்டுவிடுவோம், உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாமியார் சொன்னது பாதி உண்மை. 471ஐ எந்தக் கொழுப்பிலிருந்தும் தயாரிக்கலாம். பாமாயில், சோயா, சூரியகாந்தி என்று தாவர எண்ணெயிலும் செய்வார்கள். மாட்டுக் கொழுப்பிலும் பன்றிக் கொழுப்பிலும் செய்ய முடியும், செய்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் எண் ஒன்றேதான். பனையிலிருந்து வந்த ஸ்டியரிக் அமிலமும் விலங்கிலிருந்து வந்த ஸ்டியரிக் அமிலமும் ஒரே மூலக்கூறு என்பதால், முடிந்த பிஸ்கட்டை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு இது எங்கிருந்து வந்தது என்று சொல்வது மிகக் கடினம். ஆகவே "471 என்றாலே பன்றி" என்பதும் தப்பு, "471 எல்லாம் தாவரம்தான்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்வதும் தப்பு. உறையில் சைவம் என்ற முத்திரையோ, தாவர மூலம் என்ற குறிப்போ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். "471 எந்தக் கொழுப்பிலிருந்து வருகிறது? அதில் சேரும் கிளிசரின் எந்த மூலம்?" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள், ஏனென்றால் கிளிசரினும் இரண்டு வழியிலும் வரும். உங்கள் ஜிஎம்எஸ் பொட்டலத்துக்கும் இதே விதிதான். சின்னப் பொட்டலங்களில், மொத்தமாக வாங்கிப் பிரித்து அடைத்தவரின் பெயர் மட்டும் இருக்கும், மூலம் இருக்காது. சைவத்தில் கண்டிப்பான வீடு என்றால் அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

இனி ஆபத்து. கணவர் பார்த்த வீடியோவில் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இப்படிச் சுற்றிவரும் பேச்சில் வழக்கமாக மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். அதைப் பிரித்துவிடுவோம்.

முதல் விஷயம், அந்த மூலக்கூறு. நாம் எண்ணெய் சாப்பிட்டதும், கணையத்திலிருந்து வரும் நொதி ஒன்று டிரைகிளிசரைடின் இரண்டு ஓர வால்களையும் வெட்டிவிடுகிறது. மிச்சம் நிற்பது மோனோகிளிசரைடு. அதாவது உங்கள் குடலே தினமும் இதைத் தயாரிக்கிற ஆலைதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு வேளையில் 30 கிராம் எண்ணெய் சாப்பிட்டால், அது முழுவதும் இந்த வழியில் செரித்தால் உருவாகும் மோனோகிளிசரைடு சுமார் 12 கிராம். பிரெட்டில் 100 கிராம் மாவுக்கு 0.2 முதல் 0.5 கிராம் வரைதான் போடுவார்கள். கொக்கியின் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்: குடல் தயாரிப்பதில் வால் பெரும்பாலும் நடுக்கொக்கியில் தொங்கும், ஆலைச் சரக்கில் ஓரக்கொக்கியில் தொங்கும். ஓரத்தில் இருப்பதையும் அதே நொதி வெட்டிக் கிளிசராலாகவும் கொழுப்பு அமிலமாகவும் ஆக்கிவிடும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1973இல் இதற்குத் தினசரி உச்சவரம்பு தேவையில்லை என்று முடிவு செய்தது இதனால்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் எல்லாவற்றையும் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு அதே முடிவுக்கு வந்தது.

ஆனால் அந்த 2017 அறிக்கையில் இன்னொரு பகுதியும் உண்டு. வீடியோக்காரர்களும் அதைப் படிப்பதில்லை, "எல்லாம் பாதுகாப்பானது" என்று விளம்பரம் செய்கிறவர்களும் படிப்பதில்லை. என் கவலை இருப்பது அங்கேதான். 471 கூடவே கூட்டிவரும் அழுக்கு. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசிக் கட்டத்தில், வாடை போக 200 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் கிளிசிடைல் எஸ்டர், 3-எம்சிபிடி எஸ்டர் என்று சில வேண்டாத பொருட்கள் உருவாகும். பாமாயிலில் இவை அதிகம். முதலாவது உடலுக்குள் போய் கிளிசிடாலாக மாறுகிறது. கிளிசிடாலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. மூல எண்ணெயில் இது இருந்தால் 471இலும் வர வாய்ப்புண்டு. ஆகவே 471க்கான தர விதிகளில் இந்த அழுக்குகளுக்கு வரம்பு வேண்டும், ஏற்கெனவே உள்ள ஈயம், ஆர்சனிக் வரம்புகளைக் குறைக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த விதிகளைத் திருத்தவும் செய்தது. டிரான்ஸ் கொழுப்பும் இந்த வரிசையில்தான் சேரும். அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயிலிருந்து செய்தால் அது வரும், முழுமையாக ஏற்றியதில் மிகக் குறைவு. ஆக 471 நல்லதா என்று கேட்பதைவிட, எந்த எண்ணெயில், எவ்வளவு கவனமாகச் செய்த 471 என்று கேட்பதுதான் சரி. உறையில் அதற்குப் பதில் இருக்காது என்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது விஷயம், பிரான்ஸில் நடக்கும் ஒரு பெரிய கண்காணிப்பு ஆய்வு. புற்றுநோய் என்ற பேச்சு கிளம்பியது பெரும்பாலும் இதிலிருந்துதான். நியூட்ரிநெட்-சான்டே என்று பெயர். சுமார் 92,000 பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பிராண்டு பெயர் வரை குறித்துக்கொண்டு, சராசரியாக 6.7 வருடம் பின்தொடர்ந்தார்கள். 2024இல் வெளியான முடிவில், 471 அதிகம் சாப்பிட்ட பிரிவினருக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மொத்தப் புற்றுநோய் 15 சதவீதமும், மார்பகப் புற்றுநோய் 24 சதவீதமும், புரோஸ்டேட் புற்றுநோய் 46 சதவீதமும் அதிகமாகத் தெரிந்தது. எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் அதன் பொருளைப் பாருங்கள். 15 சதவீதம் அதிகம் என்றால் நூறு பேரில் 15 பேருக்கு வரும் என்பதில்லை. ஒரு கூட்டத்தில் 100 பேருக்கு வந்த இடத்தில், அதே அளவுள்ள இன்னொரு கூட்டத்தில் 115 பேருக்கு வந்தது என்பதே.

அப்புறம், 471ஐத் தனியாகக் கரண்டியில் எடுத்துச் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை. கேக், பிஸ்கட், ஐஸ்கிரீம், மார்ஜரின் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. எடை, புகை, குடி, உடற்பயிற்சி, சர்க்கரை என்று பலவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்துதான் ஆய்வாளர்கள் இந்த முடிவைச் சொன்னார்கள். ஆனாலும் இப்படிப்பட்ட ஆய்வு இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்று மட்டும்தான் காட்டும், ஒன்றால் மற்றொன்று வந்தது என்று நிரூபிக்காது. ஒரே நாட்டில், தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்களிடம், அதுவும் பெரும்பாலும் பெண்களிடம் எடுத்த கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. இதைக் காற்றில் விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆய்வாளர்கள் கவனமாகச் செய்தது. மேலே சொன்ன அழுக்குகள்தான் காரணமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ஆனால் இதை வைத்துக்கொண்டு பிரெட்டைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லவும் மாட்டேன்.

மூன்றாவது விஷயத்தில்தான் உங்கள் தம்பி வருகிறார். "எமல்சிஃபையர் குடலை அரிக்கிறது" என்ற பேச்சு கிளம்பியது 2015இல் நேச்சர் இதழில் வந்த ஓர் எலி ஆய்வால். எலிகளின் குடிநீரில் எமல்சிஃபையர் கலந்து வாரக்கணக்கில் கொடுத்தார்கள். குடல் கிருமிகள் மாறின, குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்குள் நெருங்கி வந்தன, லேசான அழற்சி உண்டானது, எலிகள் குண்டாயின. சரி, கலந்த எமல்சிஃபையர் எது? இரண்டு: பாலிசார்பேட் 80 என்ற 433, கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் என்ற 466. 471 அந்தச் சோதனையிலேயே இல்லை. அந்த 466தான் உங்கள் சிஎம்சி.

சிஎம்சி முழுக்க முழுக்க வேறு ஜாதி. தாவர நாரான செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றித் தண்ணீரில் கரையவைத்தது. அது செரிக்காது, மோனோகிளிசரைடு போல வழியிலேயே உடைந்து உறிஞ்சப்படவும் செய்யாது. பெருங்குடல் வரை அப்படியே போகும், கிருமிகள் குடியிருப்பது அங்கேதான். ஐஸ்கிரீமில் தண்ணீரைப் பிடித்துவைத்து ஐஸ் நறநறவென்று பெரிய படிகமாக வளராமல் தடுப்பது இதன் வேலை.

எலியோடு நிற்கவில்லை, மனிதர்களிடமும் செய்து பார்த்தார்கள். ஆரோக்கியமான 16 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, 7 பேருக்குத் தினமும் 15 கிராம் சிஎம்சி, 9 பேருக்கு அது இல்லாத அதே சாப்பாடு, 11 நாள். சிஎம்சி சாப்பிட்டவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு வயிற்றில் ஓர் அசௌகரியம் கூடியது, குடல் கிருமிகளின் வகைகள் குறைந்தன, அவை தயாரிக்கும் நல்ல கொழுப்பு அமிலங்கள் குறைந்தன. அதில் இரண்டு பேருக்குக் கிருமிகள் சளிப்படலத்துக்குள் நெருங்கி வந்திருந்தன. ஏழில் இரண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, சிலர் குடல் இதைத் தாங்குவதில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

15 கிராம் என்பது பெரிய அளவு என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கால் தேக்கரண்டி எடை போட்டால் ஒரு கிராம் சொச்சம்கூட வராது, அதையும் ஐந்தாறு கிண்ணமாகப் பங்கிடுகிறீர்கள். உங்கள் மகன் எப்போதாவது ஒரு கிண்ணம் சாப்பிடுவதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். தம்பி விஷயம் அப்படியில்லை. க்ரோன்ஸ் நோயில் குடல் சுவர் ஏற்கெனவே அடிபட்ட இடம். குடல் அழற்சி நோய்களை ஆராயும் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று 2020இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், இந்த நோயாளிகள் சிஎம்சி, பாலிசார்பேட் 80, கராஜீனன் (407) ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வது விவேகம் என்று சொல்கிறது. உறுதியான நிரூபணம் வந்துவிட்டதால் சொன்னதல்ல. அவற்றைத் தவிர்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை, சேர்ப்பதால் நஷ்டம் வர வாய்ப்பு இருக்கிறது என்ற கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு நியாயமாகவே படுகிறது. தம்பியிடம் 466, 433, 407 என்ற மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். சில மருத்துவர்கள் எமல்சிஃபையர் எதுவுமே வேண்டாம் என்று மொத்தமாக நிறுத்தச் சொல்லும் உணவுத்திட்டத்தையும் தருவதுண்டு. அப்படிச் சொன்னால் 471ஐயும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும், அங்கே என் பேச்சை வைத்து வாதாட வேண்டாம்.

உறையில் வெறும் 'எமல்சிஃபையர்' என்று பார்த்துப் பயப்படுவதால் பிரயோஜனம் இல்லை என்பதும் இதிலிருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். 322 என்றால் லெசித்தின். சோயாவிலிருந்தும் சூரியகாந்தியிலிருந்தும் எடுப்பது, முட்டை மஞ்சள் கருவிலும் இயற்கையாக இருப்பது. 476 ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருவது, உருகிய சாக்லேட் தடங்கலின்றி ஓடுவதற்காகப் போடுவது. ஒரே தொழிற்பெயர், வெவ்வேறு ஆட்கள். தச்சர், கொல்லர் எல்லோரையும் 'வேலையாள்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவைத்த மாதிரி. எண்ணைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனி உங்கள் ஐஸ்கிரீம். அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிஎம்எஸ் என்ற குறிப்பை யார் ஆரம்பித்துவைத்தார்களோ தெரியாது, கை தாராளம். எடை போட்டுப் பாருங்கள், 7, 8 கிராம் வரும். ஆலைகளில் மொத்தக் கலவையில் 0.1 முதல் 0.3 சதவீதம் வரைதான் எமல்சிஃபையர் போடுவார்கள். உங்கள் கலவை பால், கிரீம், சர்க்கரை எல்லாம் சேர்த்து 700 கிராம் என்று வைத்தால் 1 முதல் 2 கிராம் போதும். கடையில் விற்பதைத் தவிர்க்க வீட்டில் செய்து, கடையில் போடுவதைப் போல நாலைந்து மடங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! சாப்பிட்டு முடித்ததும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் நிற்கிறதா? அதன் காரணம் இந்தத் தாராளம்தான். அடுத்த முறை முக்கால் தேக்கரண்டிக்கு இறக்கிவிடுங்கள். பால் நன்றாகச் சூடாக இருக்கும்போது போட்டு, உருகிக் கலக்கும்வரை விடாமல் கிளறுங்கள். ஆறிய பாலில் போட்டால் கடைசிவரை மணல் மாதிரி வாயில் தட்டுப்படும். பொட்டலத்தில் தரமும் ஒரே மாதிரி இருக்காது. மோனோகிளிசரைடு குறைவாக உள்ள மலிவுச் சரக்கு என்றால் கொஞ்சம் கூடப் போட வேண்டியிருக்கும். ஒரு முறை செய்து பார்த்தால் கை பழகிவிடும்.

சிஎம்சிக்குப் பதிலாகச் சோளமாவு போடுங்கள். அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றி இரண்டு நிமிடம் வேகவைத்தால் போதும். அவ்வளவு வழுவழுப்பு வராது, நாலைந்து நாளில் கொஞ்சம் நறநறப்பும் தெரியும். உங்கள் வீட்டில் நாலைந்து நாள் மிச்சம் இருக்குமா என்பது வேறு கேள்வி. பால் பவுடர் இரண்டு கரண்டி சேர்த்தால் அந்தக் குறையில் பாதி மறையும். சிஎம்சியை விட மனசில்லை என்றால் தம்பிக்கு ஒரு கிண்ணத்துக்கான பாலைத் தனியாக எடுத்து, அதில் மட்டும் சோளமாவில் காய்ச்சிக்கொள்ளுங்கள். மீதிக்கு சிஎம்சியைச் சர்க்கரையோடு நன்றாகக் கலந்துவிட்டுத் தூவுங்கள். நேராகக் கொட்டினால் வெளியே வழவழவென்றும் உள்ளே காய்ந்த மாவாகவும் கட்டி கட்டியாகிவிடும். எத்தனை கடைந்தாலும் அந்தக் கட்டி கரையாது, வடிகட்டித்தான் எடுக்க வேண்டும்.

மகனுக்குக் கடை பிரெட் கொடுக்கலாமா என்ற கேள்வியும் உங்கள் மனதில் இருக்கும். 471 இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் நிறுத்தமாட்டேன். பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் தினமும் என்றால் குறைக்கச் சொல்வேன், அதற்குக் காரணம் அவற்றில் இருக்கும் சர்க்கரையும் கொழுப்பும். 471 அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும். மாமியாரிடம் மட்டும், தயாரிப்பாளரின் பதில் எழுத்தில் வந்த பிறகு பேசுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பமாட்டார், அதிலும் தப்பில்லை.